மாப்பிள்ளைகள் காப்பாற்றிய வடிசாலை: பகார்டி குடும்பம், 1862 முதல் இன்று வரை

ஆற்றங்கரை (இழையைத் தொடங்கியவர்)

ரம் விற்கும் பகார்டியை ஓர் அமெரிக்க நிறுவனம் என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது கியூபாவின் கிழக்குக் கோடியில், சாந்தியாகோ நகரில், 1862-இல் ஒரு குடும்பம் தொடங்கிய வடிசாலை. இன்றும் அதே குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது. பங்குச் சந்தைக்குப் போகவில்லை. தலைமையகம் பெர்முடாவில். நிலநடுக்கம், காலரா, திவால், இரண்டு விடுதலைப் போர்கள், அமெரிக்க மதுவிலக்கு, கடைசியில் சொந்த நாட்டிலேயே சொத்து முழுவதும் பறிமுதல். இத்தனையையும் தாண்டி ஒரு குடும்பத் தொழில் எப்படி நிலைத்தது என்று கொஞ்ச காலமாக வாசித்து வருகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிள்ளைகள் குடும்பத்துக்குப் பெயர் சேர்த்தார்கள், தொழிலைக் காப்பாற்றியவர்கள் மாப்பிள்ளைகள்.

ஃபகுந்தோ பகார்டி மாசோ ஸ்பெயினின் கத்தலோனியாவில், சிட்ஜெஸ் என்ற கடலோர ஊரில் பிறந்தவர். பதின்பருவத்தில் பிழைப்புத் தேடி சாந்தியாகோவுக்குக் கப்பல் ஏறினார். அங்கே மளிகையும் மதுவகைகளும் விற்கும் கடை நடத்தினார். அமாலியா மொரோவை மணந்தார். 1852-இல் நகரத்தை நிலநடுக்கம் உலுக்கியது. பின்னாலேயே காலரா வந்தது. அதில் இரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்தார்கள். 1855-இல் கடை திவாலானது. அதோடு ஒடுங்கிப்போகாமல், நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ரம் காய்ச்சக் கற்றுக்கொண்டார் அந்த மனிதர். 1862 பிப்ரவரி 4 அன்று மத்தாதெரோ தெருவில் இருந்த ஒரு சிறிய வடிசாலை 3,500 பெசோவுக்குக் கைமாறியது. பணம் தம்பி ஹோசேயினுடையது. காய்ச்சத் தெரிந்த கூட்டாளி பூத்தெய்யே என்ற பிரெஞ்சு வம்சாவளிக்காரர். தகரக் கூரையின் கீழ் பழவௌவால்கள் குடியிருந்தன. வௌவாலைச் சின்னமாக வைக்கச் சொன்னவர் அமாலியா என்று குடும்பம் சொல்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் நிறைந்த ஊரில் "வௌவால் ரம்" என்று கேட்டு வாங்க அது போதுமானதாக இருந்தது.

வாசலில் மகன் ஃபகுந்தோ ஒரு தென்னங்கன்றை நட்டான். அந்த மரம் நிற்கும்வரை தொழில் நிற்கும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு.

மூத்த மகன் எமிலியோவைப் பற்றித் தனி இழையே தொடங்கலாம். ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக வேலை செய்தார். கைதாகி, மொராக்கோ கரைக்கு அப்பால் இருக்கும் சஃபாரினாஸ் தீவுகளுக்கு நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்து மறுபடியும் புரட்சிக்காரர்களுக்குப் பணமும் மருந்தும் அனுப்பினார். மறுபடியும் கைது. விடுதலைப் போரின் தளபதி அந்தோனியோ மாசேயோவின் படையில் அவருடைய மகன் போரிட்டான். ஸ்பெயின் வெளியேறிய பிறகு எமிலியோ சாந்தியாகோவின் மேயர் ஆனார், பிறகு செனட்டர். நகரத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். அருங்காட்சியகம் தொடங்கினார். 1912-இல் எகிப்துக்குப் போய் ஒரு மம்மியை வாங்கி வந்து அதில் வைத்தார். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

சரி, இவர் சிறையில் இருந்தபோது கணக்கு வழக்கைப் பார்த்தது யார்? சாராயத்தை விற்றது யார்? அங்கேதான் மாப்பிள்ளைகள் வருகிறார்கள். அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

---

கரிசல்காட்டான்

நல்ல தொடக்கம். ஒரு சந்தேகம். ரம் என்பது கரும்பு விளையும் இடமெல்லாம் காய்ச்சப்படுவது. ஜமைக்காவும் பார்படோஸும் பகார்டிக்கு நூறாண்டுக்கு முன்பே ரம் விற்றவை. பிறகு ஏன் இந்த ஒரு குடும்பம் மட்டும் உலகம் முழுக்கப் போனது? சரக்கில் ஏதாவது விசேஷம் இருந்ததா, அல்லது வெறும் விளம்பரமா?

---

வடிமணி

கரிசல்காட்டான் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன். சர்க்கரை ஆலையோடு சேர்ந்த ஒரு வடிசாலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் நான். சரக்கில் விசேஷம் இருந்தது, சந்தேகமே வேண்டாம்.

கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரையைப் பிரித்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். தொட்டால் விரலை விடாது. அதில் தண்ணீர் விட்டு, ஈஸ்ட் சேர்த்து, ஊறல் போடவேண்டும். ஊறல் தொட்டியின் விளிம்பில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: முதல் சில மணி நேரம் ஒன்றுமே நடக்காதது போல் இருக்கும்; பிறகு நுரை கட்டி, தொட்டி முழுக்கக் கொதிப்பது போலக் குமிழி விடும். அடுப்பே கிடையாது, ஆனால் தொட்டிச் சுவரில் கை வைத்தால் சுடும். வாசனை நன்றாகக் கனிந்து கறுத்த வாழைப்பழ வாசனை. சூடு கூடிப்போனால் ஈஸ்ட் செத்துவிடும். வேறு கிருமி புகுந்தால் புளித்து வினிகர் நெடி அடிக்கும். ஊறல் கெட்டால் பின்னால் எத்தனை முறை வடித்தாலும் பிரயோசனம் இல்லை.

அந்தக் காலத்துக் கரீபிய ரம் என்பது நாட்கணக்கில் புளிக்கவிட்டு, பானை வடிவக் காய்ச்சுகலனில் வடித்த கனமான, நெடி ஏறிய சரக்கு. கப்பல் மாலுமிக்கும் தோட்டக் கூலிக்கும் உரியது என்று கனவான்கள் ஒதுக்கிவைத்த பானம். ஃபகுந்தோ மூன்று காரியங்கள் செய்தார். ஒரு குறிப்பிட்ட ஈஸ்ட் வகையைப் பிரித்தெடுத்து அதையே தொடர்ந்து பயன்படுத்தினார். அது வேகமாக நொதிக்கும் வகை. நீண்ட நேரம் ஊறும்போது சேரும் கனமான வாசனைகளுக்கு இடம் கொடுக்காது. வடித்ததை மரக்கரி வழியாக வடிகட்டினார். அமெரிக்க வெள்ளை ஓக் பீப்பாயில் முதிரவைத்தார். பீப்பாயில் ஏறும் நிறத்தையும் கரி இழுத்துவிடும். வெள்ளை ரம் என்றால் பீப்பாயையே பார்க்காதது என்று பலர் நினைக்கிறார்கள். பகார்டி முறையில் அது முதிர்ந்து, பிறகு நிறம் நீங்கிய சரக்கு. கனமான வடிப்பையும் மென்மையான வடிப்பையும் தனித்தனியாக எடுத்துக் கலப்பதும் இந்த முறையின் பகுதி.

இதில் ஒவ்வொன்றும் தனியாக வேறு எங்கோ இருந்ததுதான். கரி வடிகட்டல் சர்க்கரை ஆலைகளிலேயே உண்டு. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் கட்டி, ஒவ்வொரு முறையும் அதே சுவை வரும்படி பிடித்துவைத்ததுதான் அவர் சாதனை. நம் ஊரில் ரம் என்ற பெயரில் வருவதில் பெரும்பகுதி, மொலாசஸிலிருந்து வடித்த நெடியற்ற சாராயத்தோடு நிறமும் மணமும் சேர்த்தது. ஈஸ்ட்டைக் கண்ணின் மணி போலக் காத்த ஒரு குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. 1862-இல் பிரித்தெடுத்த அதே வகையைத்தான் இன்றும் பயன்படுத்துவதாக அந்த நிறுவனம் சொல்கிறது.

---

கரிசல்காட்டான்

நன்றி ஐயா. தொட்டிச் சுவர் சுடும் என்பது எனக்குப் புதிய செய்தி.

---

ஆற்றங்கரை

வடிமணி ஐயா எழுதியதை நான் பத்து மடங்கு நீட்டினாலும் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்க மாட்டேன். இப்போது மாப்பிள்ளைகள்.

முதலாமவர் என்ரிக்கே ஷூவெக். சாந்தியாகோவில் பிரெஞ்சுக் குடும்பத்தில் பிறந்தவர். பிறந்த ஆண்டு, வடிசாலை தொடங்கிய அதே 1862. படித்தது பிரான்சில். ஃபகுந்தோவின் மகள் அமாலியாவை (தாயின் பெயரே மகளுக்கும்) மணந்து தொழிலுக்குள் வந்தார். எமிலியோவுக்கு அரசியலும் எழுத்தும். இளைய ஃபகுந்தோவுக்கு வடிசாலையும் கலவையும். ஊர் தாண்டி யோசித்தவர் ஷூவெக். 1910-இல் பார்சலோனாவில் புட்டியில் அடைக்கும் வேலையைத் தொடங்கியது நிறுவனம். கியூபாவுக்கு வெளியே அதுதான் முதல் அடி. 1922-இல் எமிலியோ இறந்த பிறகு பொறுப்பு ஷூவெக்கிடம் வந்தது. 1950-இல் அவர் சாகும்வரை அவர்தான் குடும்பத்தின் தலை.

1920-இல் அமெரிக்காவில் மதுவிலக்கு. பெரிய சந்தை ஒரே நாளில் மூடப்பட்டது. அமெரிக்கக் கிளையின் கிடங்கில் 60,000 பெட்டிகள் இருந்தனவாம். 60,000 பங்குகள் வெளியிட்டு, கம்பெனியைக் கலைத்து, பங்குக்கு ஒரு பெட்டி என்று சொத்தைப் பிரித்துக்கொடுத்தார்கள் என்பது நிறுவனமே சொல்லும் கதை. பிறகு ஷூவெக் செய்தது இன்னும் பெரியது: ரம் அமெரிக்காவுக்குப் போகமுடியாவிட்டால் அமெரிக்கர் ரம்மிடம் வரட்டும் என்று ஹவானாவைக் காட்டினார். 1930-இல் ஹவானாவில் பகார்டி கட்டடம் எழும்பியது. உச்சியில் வெண்கல வௌவால். அதன் மதுக்கூடத்தில் அமெரிக்கச் சுற்றுலாப் பயணிகள் குவிந்தார்கள். மதுவிலக்கு நீங்கிய 1933-இல், அந்தச் சுவைக்குப் பழகிய ஒரு கூட்டமே அந்த நாட்டில் காத்திருந்தது.

இரண்டாமவர் ஹோசே போஷ். எல்லாரும் அழைப்பது பெப்பின் போஷ் என்று. ஷூவெக்கின் மகள் என்ரிக்கேத்தாவை மணந்தவர். வங்கி அனுபவம் உள்ளவர். மூடிவிடலாம் என்ற நிலையில் இருந்த மெக்சிகோ ஆலைக்கு மாமனார் அவரை அனுப்பினார். அவர் அதை லாபத்துக்குத் திருப்பினார். 1936-இல் போர்ட்டோ ரிக்கோவில் உற்பத்தி. அது அமெரிக்க ஆட்சிப் பகுதி என்பதால் இறக்குமதித் தீர்வை கிடையாது. இடையில் கியூபாவின் நிதியமைச்சராகவும் இருந்தார். இந்த இரண்டு ஆலைகளும் இல்லாமல் போயிருந்தால், கியூப அரசு சொத்தைப் பறிமுதல் செய்த 1960-இல் இந்தக் கதை முடிந்திருக்கும். தூரத்தில் இரண்டு அடுப்பை மூட்டிவைத்தவர் போஷ்.

---

தாழம்பூ

ஆற்றங்கரை, உங்கள் தலைப்போடு எனக்குச் சண்டை இருக்கிறது. மாப்பிள்ளைகள் காப்பாற்றினார்கள் என்கிறீர்கள். அந்த மாப்பிள்ளைகள் எந்த வாசல் வழியாக வந்தார்கள்? அமாலியா இல்லாமல் ஷூவெக் ஏது, என்ரிக்கேத்தா இல்லாமல் போஷ் ஏது? பெண் வழியாகப் பங்கு இறங்கியதால்தான் அவர்களுக்கு அந்த நாற்காலி கிடைத்தது. ஃபகுந்தோவின் பிள்ளைகளில் எமிலியோ, ஃபகுந்தோ, ஹோசே, அமாலியா என்ற நான்கு கிளைகளாகத்தான் குடும்பம் தன் கணக்கை வைத்திருக்கிறது. நான்காவது கிளை ஒரு மகளின் கிளை. அந்தக் கிளையிலிருந்துதான் இரண்டு தலைவர்களும் வந்தார்கள். "பெண்ணுக்குச் சீர் செய்தாயிற்று, இனித் தொழிலில் என்ன பங்கு" என்று கேட்கும் எத்தனை குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்! என் பிறந்த வீட்டிலேயே அந்தக் கேள்வி எழுந்தது. என் தம்பிகளால் கடையை நடத்த முடியவில்லை, மூடிவிட்டார்கள்.

இன்னொன்று. எமிலியோவின் மனைவி எல்விரா காப்பே. கணவர் இரண்டாம் முறை சிறைக்குப் போனபோது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போய், நாடு கடந்து வந்த கியூபர்களோடு வாழ்ந்து, குடும்பத்தைச் சிதறாமல் பிடித்தவர். அருங்காட்சியகத்தை வளர்த்ததிலும் அவர் பங்கு பெரியது. மம்மி வாங்கப் போன பயணத்திலும் கூடவே இருந்தார். உங்கள் முதல் பதிவில் அவர் பெயரே இல்லை.

---

செங்கீற்று

தாழம்பூ அம்மா சொல்வது முக்கியம். ஆனால் இந்த இழை முழுக்க ஒரு பெரிய கூட்டம் விடுபட்டிருக்கிறது. மொலாசஸ் எங்கிருந்து வந்தது?

கியூபாவில் அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1886-இல். ஃபகுந்தோ இறந்ததும் அதே ஆண்டுதான். அவர் தொழிலில் இருந்த காலம் முழுவதும் அந்தத் தீவின் சர்க்கரை அடிமைகளின் கையால் ஆனது. 1847 முதல் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளும் கொண்டுவரப்பட்டார்கள். கறுப்புப் பாகின் ஒவ்வொரு பீப்பாயிலும் அவர்கள் உழைப்பு இருக்கிறது. எமிலியோ அடிமை முறையை எதிர்த்தவர் என்பதை மனதாரப் பாராட்டுகிறேன். அது அந்த உழைப்பின் கணக்கைத் தீர்த்துவிடாது. நம் தமிழ் மக்களும் அதே நூற்றாண்டில் மார்த்தினிக், குவாதலூப், ரெயூனியன், மொரிசியஸ் தீவுகளின் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். அந்தத் தீவுகளின் ரம்முக்குப் பின்னால் அவர்கள் முதுகும் இருக்கிறது. ஆகவே "குடும்பம் உருவாக்கிய ரம்" என்று மட்டும் சொல்லும்போது எனக்கு உறுத்துகிறது.

1960-க்கு வருகிறேன். பறிமுதல் என்கிறீர்கள், நாட்டுடைமை என்கிறேன் நான். அக்டோபர் 13 தேதியிட்ட 890-ஆம் சட்டத்தின்படி 382 நிறுவனங்களை அரசு எடுத்துக்கொண்டது. அதில் பகார்டியும் ஒன்று, தனியாகக் குறிவைக்கப்படவில்லை. வடிசாலையில் வேலை பார்த்தவர்கள் அங்கேயே இருந்தார்கள், அதே பீப்பாய்களில் ரம் முதிர்ந்தது, கலக்கத் தெரிந்த கைகள் நாட்டைவிட்டு மொத்தமாகப் போய்விடவில்லை. அப்படியானால் "உண்மையான" ரம் எங்கே இருக்கிறது: சாந்தியாகோவிலா, பெர்முடாவிலா?

---

ஆற்றங்கரை

செங்கீற்று, தாழம்பூ, இருவருக்கும் நன்றி. அமாலியாவின் கிளை பற்றிய வாதம் என் வாதத்தை இன்னும் உறுதியாக்குகிறது என்று நினைக்கிறேன்: மகளுக்குப் பங்கு கொடுத்த குடும்பத்துக்குத்தான் திறமையான மருமகனும் வாய்த்தான்.

நாட்டுடைமை பற்றி ஒன்று சொல்லவேண்டும். இந்தக் குடும்பம் புரட்சியின் எதிரியாக இருந்து சொத்தை இழந்த குடும்பம் அல்ல. போஷ் சர்வாதிகாரி பாடிஸ்டாவை எதிர்த்தவர். 1959 ஜனவரியில் ஃபிடெல் காஸ்ட்ரோவின் புரட்சி வென்றபோது ஹவானாவின் பகார்டி கட்டடத்தில் "நன்றி ஃபிடெல்" என்று பதாகை தொங்கியது. அந்த ஏப்ரலில் ஃபிடெல் அமெரிக்கா போனபோது கூடப் போன தொழிலதிபர்களில் போஷும் ஒருவர். ஃபிடெலின் தம்பி ராவுல் காஸ்ட்ரோவின் மனைவி வில்மா எஸ்பினின் அப்பா பகார்டி நிறுவனத்தில் உயர் பொறுப்பில் இருந்தவர். இவ்வளவு நெருக்கம் இருந்தும் பதினெட்டு மாதத்தில் எல்லாம் போனது. தாத்தா ஸ்பெயினின் சிறைக்குப் போய் விடுதலை கேட்ட நாடு, பேரப்பிள்ளைகளை வெளியே அனுப்பியது. அந்த வலியைச் சட்ட எண்ணால் அளக்க முடியாது.

---

செங்கீற்று

வலி உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வலியோடு போஷ் என்ன செய்தார் என்பதையும் எழுதுங்கள். 1964-இல் மயாமியில் காஸ்ட்ரோ அரசைக் கவிழ்க்கத் தொடங்கிய புலம்பெயர்ந்தோர் அமைப்புக்குப் பின்னால் இருந்த பணமும் திட்டமும் அவருடையவை. பாதிக்கப்பட்ட குடும்பம் என்று மட்டும் நிறுத்திக்கொள்வது அரை வரலாறு.

---

நீதிமன்ற வாசல்

நான் வணிக முத்திரை வழக்குகளோடு தொடர்புள்ள வேலையில் இருப்பவன். எனக்கு இந்தக் கதையில் வௌவாலும் கிடையாது, தென்னையும் கிடையாது. பதிவுச் சான்றிதழ்தான் கதாநாயகன்.

1936-இல் பகார்டி போர்ட்டோ ரிக்கோ போனதும், உள்ளூர் ரம் உற்பத்தியாளர்களைக் காக்க அங்கே சட்டம் போட்டார்கள்: வெளிநாட்டு முத்திரையோடு அங்கே ரம் தயாரிக்கக் கூடாது. பகார்டி வழக்காடியது. 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான 1929-ஆம் ஆண்டு முத்திரை உடன்படிக்கையைக் காட்டி, பகார்டியின் பக்கம் தீர்ப்பளித்தது. அதே 1936-இல் நியூயார்க்கில் இன்னொரு தீர்ப்பு: பகார்டி காக்டெயில் என்று கேட்டால் பகார்டி ரம்மைத்தான் ஊற்றவேண்டும். பெயரைக் காப்பது எப்படி என்று இந்தக் குடும்பம் அப்போதே கற்றுக்கொண்டுவிட்டது.

பறிமுதலுக்கு முன்பே முத்திரை உரிமைகளைக் கியூபாவுக்கு வெளியே, பஹாமாஸில் பதிவான நிறுவனத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆகவே 1960 அக்டோபரில் கியூப அரசின் கைக்கு வந்தவை கட்டடமும் பீப்பாயும் இயந்திரமும். பெயர் வரவில்லை. பிறகு பல நாட்டு நீதிமன்றங்கள், ஓர் அரசு தன் எல்லைக்குள் இருப்பதைத்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்ற அடிப்படையில் குடும்பத்தின் பக்கம் நின்றன.

இதன் அருமை புரியவேண்டுமானால் பக்கத்து வீட்டுக் கதையைப் பார்க்கவேண்டும். ஸ்பெயினின் பாஸ்க் பகுதியிலிருந்து வந்த ஹோசே அரெச்சபாலா, 1878-இல் கார்டெனாஸ் துறைமுகத்தில் ஒரு வடிசாலை தொடங்கினார். அதுவும் குடும்பத் தொழில்தான், அதுவும் பெரியதாக வளர்ந்தது. 1934-இல் அவர்கள் உருவாக்கிய முத்திரைதான் ஹவானா கிளப். 1960 தொடக்கத்தில் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஆனால் அவர்களுக்கு மெக்சிகோவும் இல்லை, போர்ட்டோ ரிக்கோவும் இல்லை. வெளியேறியவர்களிடம் ரம் காய்ச்ச இடமே இல்லை. 1973-இல் அமெரிக்க முத்திரைப் பதிவு காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. 1976-இல் கியூப அரசு நிறுவனம் அதே பெயரை அமெரிக்காவில் பதிவு செய்துகொண்டது. புதுப்பிக்காமல் விட்ட ஒரு பதிவு. இரண்டு குடும்பங்களின் தலையெழுத்தையும் பிரித்தது அந்தக் காகிதம்தான் என்பேன். மாப்பிள்ளை வாதத்தை நான் ஏற்கவில்லை. அரெச்சபாலா வீட்டிலும் மாப்பிள்ளைகள் இருந்திருப்பார்கள்.

---

மலைநாட்டான்

வாசகன் மட்டுமே நான். ஆனால் ஹவானா கிளப் வழக்கு இன்னும் நடக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகம். யாராவது சுருக்கமாகச் சொல்லமுடியுமா?

---

நீதிமன்ற வாசல்

1993-இல் பிரான்சின் பெர்னோ ரிக்கார் நிறுவனம் கியூப அரசோடு கூட்டுச் சேர்ந்து ஹவானா கிளப்பை உலகம் முழுக்க விற்கத் தொடங்கியது. அமெரிக்கா மட்டும் பொருளாதாரத் தடையால் மூடியிருந்தது. பகார்டி அரெச்சபாலா குடும்பத்தைத் தேடிப்போய் அவர்களிடம் மிஞ்சியிருந்த உரிமையை விலைக்கு வாங்கியது. 1998-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தில் ஒரு பெரிய நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்துக்குள் 211-ஆம் பிரிவு என்று ஒன்று நுழைந்தது: கியூபாவில் பறிமுதலான தொழிலின் முத்திரையை, பழைய உரிமையாளரின் சம்மதம் இல்லாமல் அமெரிக்க நீதிமன்றங்கள் அங்கீகரிக்கக் கூடாது. இதற்காகப் பாடுபட்டது பகார்டிதான். ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக நிறுவனத்துக்குப் போனது. 2002-இல் அந்தப் பிரிவின் சில பகுதிகள் விதிக்கு முரணானவை என்று முடிவானது. 2016 ஜனவரியில் அமெரிக்க முத்திரை அலுவலகம் கியூபாவின் பதிவைப் புதுப்பித்தது. பகார்டி வழக்குப் போட்டது. 2024 டிசம்பரில் அதிபர் பைடன் கையெழுத்திட்ட புதிய சட்டம், பறிமுதலான முத்திரைகளை அமெரிக்க அரசு அலுவலகங்களும் அங்கீகரிக்கக் கூடாது என்று சொல்கிறது. ஆக, இன்று ஒரே பெயரில் இரண்டு ரம்கள்: அமெரிக்காவில் பகார்டி போர்ட்டோ ரிக்கோவில் செய்யும் ஹவானா கிளப், மற்ற நாடுகளில் கியூபாவில் செய்யும் ஹவானா கிளப்.

---

செங்கீற்று

இதைத்தான் கேட்கிறேன். தன் பெயரை யாரும் எடுக்கக் கூடாது என்று போராடிய குடும்பம், அடுத்த குடும்பத்தின் பெயரை விலைக்கு வாங்கி, அதற்காகச் சட்டத்தையும் எழுதவைத்திருக்கிறது. கார்டெனாஸில் பிறந்த பெயர் அது. இன்று கியூப மண்ணின் கரும்பில், கியூபத் தொழிலாளர் கையால் வரும் சரக்குக்கு அந்தப் பெயர் இல்லை என்று சொல்ல பெர்முடாவில் இருக்கும் நிறுவனத்துக்கு என்ன பாத்தியதை?

---

தாழம்பூ

செங்கீற்று, விற்றது அரெச்சபாலா குடும்பம். அவர்களாக விரும்பி விற்றார்கள். எல்லாவற்றையும் இழந்து வெளியேறியவர்களுக்குக் கடைசியாக மிஞ்சிய ஒன்றுக்கு விலை கொடுத்தவர் பகார்டி மட்டும்தான். அரசோ பிரெஞ்சு நிறுவனமோ அந்தக் குடும்பத்துக்கு எதைக் கொடுத்தது? நியாயம் பேசுகிறவர்கள் அங்கிருந்து தொடங்கவேண்டும். கரும்பு வெட்டியவர்களின் கணக்கு என்று நீங்கள் முன்னால் எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். இந்த இடத்தில் உடன்படவில்லை.

---

வடிமணி

ஒரு சின்ன இடையீடு. மண் என்ற பேச்சு வருவதால் சொல்கிறேன். மொலாசஸ் ரம்மில் மண்ணின் சுவை என்பது, கரும்புச் சாற்றிலிருந்தே நேராக வடிக்கும் மார்த்தினிக் ரம் அளவுக்கு இருக்காது. ஆலையில் கொதித்து, சர்க்கரை பிரிந்து, மிஞ்சிய பாகு அது. பகார்டி வகை ரம்மில் சுவையைத் தீர்மானிப்பவை ஈஸ்ட், வடிக்கும் முறை, கரி, பீப்பாய், கலப்பவரின் மூக்கு. பீப்பாய் இருக்கும் ஊரின் வெப்பத்துக்கும் பங்கு உண்டு: வெக்கையான ஊரில் சரக்கு வேகமாக முதிரும், ஆவியாகிப்போவதும் அதிகம். சாந்தியாகோ கியூபாவிலேயே வெக்கையான ஊர்களில் ஒன்று. ஆகவே இரண்டு பக்கத்தாரிடமும் பாதி இருக்கிறது. ஈஸ்ட்டும் முறையும் குடும்பத்தோடு போய்விட்டன. காற்றும் கிடங்கும் கலப்பவர்களும் அங்கே நின்றுவிட்டார்கள்.

---

கரிசல்காட்டான்

அந்தப் பழைய வடிசாலை இப்போது என்ன நிலையில் இருக்கிறது?

---

ஆற்றங்கரை

சாந்தியாகோவில் பகார்டி விட்டுவந்த ஆலையில் ரம் உற்பத்தி நாட்டுடைமைக்குப் பிறகும் தொடர்ந்தது. கானேய் என்ற பெயரிலும், நகரத்தின் பெயரான சாந்தியாகோ தெ கூபா என்ற பெயரிலும் அங்கே பிறந்த ரம்களை விரும்பித் தேடுகிறவர்கள் உண்டு. ஹவானாவின் பகார்டி கட்டடம் உச்சி வௌவாலோடு இன்றும் நிற்கிறது. எமிலியோவின் அருங்காட்சியகமும் அவர் பெயரிலேயே இருக்கிறது. புரட்சி அரசு அந்தப் பெயரை அழிக்கவில்லை, அது அந்த அரசின் பெருந்தன்மை என்றே சொல்வேன். வாசல் தென்னை 1960-ஐ ஒட்டிப் பட்டுப்போனது. சாந்தியாகோவில் ஓர் அலுவலகம் கட்ட கட்டடக் கலைஞர் மீஸ் வான் தெர் ரோஹேயிடம் போஷ் வரைபடம் வாங்கியிருந்தார். கட்டப்படாமலே போன அந்த வரைபடத்தின் கருதான் பின்னாளில் பெர்லினின் புதிய தேசிய கலைக்கூடமாக எழுந்தது. மெக்சிகோவில் மீஸ் வரைந்த பகார்டி அலுவலகம் 1961-இல் கட்டி முடிந்தது, இன்றும் இருக்கிறது.

நீதிமன்ற வாசலுக்கு என் பதில். காகிதம்தான் காப்பாற்றியது என்கிறீர்கள். அந்தக் காகிதத்தை வெளியே கொண்டுபோகச் சொன்னவர் யார்? போஷ். மெக்சிகோ ஆலையை மூடாமல் வைத்தவர் போஷ். போர்ட்டோ ரிக்கோவில் வழக்காடும் துணிச்சலுக்குப் பின்னால் இருந்தவர்கள் ஷூவெக்கும் போஷும். தானாக நடக்கும் காகிதம் எதுவும் இல்லை.

---

தாழம்பூ

போஷைப் பற்றி இன்னும் ஒன்று சேர்த்தால்தான் சித்திரம் முழுமையாகும். 1976-இல் அவர் உறவினர்களோடு கருத்து மோதி வெளியேறினார். அடுத்து அவரும் அவர் பக்கத்தவர்களும் தங்கள் பங்குகளைக் கனடாவின் ஹிராம் வாக்கர் நிறுவனத்துக்கு விற்றார்கள். காப்பாற்றிய மாப்பிள்ளையே குடும்பப் பங்கை வெளியாருக்குக் கொடுத்தார். பிற்காலத்தில் குடும்பம் அந்தப் பங்குகளைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. நூற்றுக்கணக்கான பங்குதாரர்கள், நான்கு கிளைகள், உலகம் முழுக்கச் சிதறிய உறவுகள். இத்தனை பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து 1993-இல் மார்ட்டினி ரோஸி என்ற மது நிறுவனத்தை வாங்க முடிந்திருக்கிறது, 2004-இல் கிரே கூஸ் வோட்கா, 2018-இல் பத்ரோன் டெக்கீலா. 2005 முதல் தலைவராக இருப்பவர் பெயரும் ஃபகுந்தோ பகார்டிதான். ஆகவே மாப்பிள்ளைகள் 1960-ஐத் தாண்டவைத்தார்கள் என்று ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகான அறுபது ஆண்டுகளை யார் தாண்டவைத்தார்கள் என்பதற்கு இந்த இழையில் இன்னும் யாரும் பதில் எழுதவில்லை.

---

ஆற்றங்கரை

நியாயமான கேள்வி. போஷுக்குப் பிந்தைய காலத்தைத் தனியாகப் படித்து எழுதுகிறேன். குறிப்பாக, ஹிராம் வாக்கரிடம் போன பங்குகளை மீட்ட கதை. அதுவரை தலைப்பை மாற்றப்போவதில்லை.